மார்ஜின்
மதிய வெயில் சன்னல் கம்பிகளின் நிழலை மேசைகள் மேல் வரிவரியாகப் போடுகிறது. ஓவிய வகுப்புக்கு இதுதான் கடைசி நாள். நாளையிலிருந்து இந்த நேரமும் கணக்குக்குப் போகிறது. ஓவிய டீச்சர் வெள்ளைத்தாள் கொடுத்து, "உங்களுக்குப் பிடிச்சதை வரைங்கப்பா" என்கிறார். முதல் ரேங்க் எடுக்கும் பெண் ஸ்கேல் வைத்து மார்ஜின் போட்டு, ஓரத்தில் ஒன்று என்று எண் எழுதி, பென்சிலோடு காத்திருக்கிறாள். "என்னடா கண்ணு, வரையலையா?" "இதுக்கு எத்தனை மார்க் டீச்சர்?" "மார்க்கே கிடையாதும்மா." "போச்சு, படிப்ஸுக்கு இன்னிக்கு ஜுரம்தான்!" என்று கடைசி பெஞ்ச் கத்த, வகுப்பே சிரிக்கிறது. அவள் சிரிக்கவில்லை. பென்சில் முனையால் தாளில் புள்ளி புள்ளியாகக் குத்துகிறாள். "அப்போ, சரியா வரைஞ்சிருக்கேனான்னு எப்படி டீச்சர் தெரியும்?" டீச்சர் வாய் திறப்பதற்குள் மணி அடிக்கிறது. வாசலில் அடுத்த பீரியடுக்கு சாக்பீஸ் டப்பாவோடு கணக்கு சார். அவரைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வருகிறது.