அண்ணி கேட்ட டீசல் வண்டி

கார் கடையில் விற்பனைப் பெண் இரண்டு வண்டிகளின் சாவிகளையும் மேசைமேல் வைத்தபோது, எங்கள் குடும்பம் ஏற்கெனவே இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தது.

அண்ணன் மகன் டீசல் கட்சி. "இழுவை" என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு வாரமாக யாரையும் நிம்மதியாகச் சாப்பிட விடவில்லை.

என் மனைவி பெட்ரோல் கட்சி. சத்தமும் புகையும் அவளுக்கு ஆகாது.

நான் பொதுவான ஆள் என்று சொல்லிக்கொண்டே பெட்ரோலுக்கு ஓட்டுச் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணி மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனால் இரண்டு குடும்பமும் ஒன்றாக இருக்கும் எங்கள் வீட்டில், அவர் தலையாட்டாமல் ஒரு நாற்காலிகூட இடம் மாறாது.

எல்லோருமாக ஏறி இரண்டு வண்டியையும் ஓட்டிப் பார்த்தோம்.

பெட்ரோல் கிளம்பியதே தெரியவில்லை. டீசல் கிளம்பும்போது லேசாக உடம்பை உலுக்கியது. ஆனால் அத்தனை பேரையும் சுமந்துகொண்டு மேம்பாலத்தில் மூச்சு வாங்காமல் ஏறியது.

"தினமும் எங்கெல்லாம் ஓட்டுவீங்க சார்?" என்று கேட்டாள் விற்பனைப் பெண்.

பள்ளிக்கூடம், என் ஆபீஸ், கடை. எல்லாம் ஊருக்குள்ளேயே என்றேன்.

"அப்ப பெட்ரோலே எடுங்க. டீசல் வண்டியில புகைக்கரியைப் பிடிச்சு வைக்கிற ஃபில்டர் ஒண்ணு இருக்கு. ஊருக்குள்ளயே உருட்டிட்டிருந்தா அது அடைச்சுக்கும். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவையாவது நெடுஞ்சாலையில நிக்காம ஓட்டணும். அப்பத்தான் கரி எரிஞ்சு போகும்."

அதோடு விவகாரம் முடிந்தது. அண்ணன் மகனின் முகம் தொங்கிப்போனது. என் மனைவி கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

அப்போதுதான் அண்ணி பேசினார்.

"ஓட்டலைன்னா கெட்டுப்போயிடுமா?"

"ஆமா மேடம். அதான் உங்களுக்கு வேண்டாங்கறேன்."

"அப்ப டீசலே போடுங்க."

விற்பனைப் பெண் என்னைப் பார்த்தாள். என் மனைவியும் என்னைப் பார்த்தாள். நான் ஃபில்டர் கதையை முதலிலிருந்து அண்ணிக்கு விளக்கத் தொடங்கினேன். மழலையர் வகுப்பில் பாடம் ஒப்பிக்கும் பிள்ளையைக் கேட்பதுபோல, குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார்.

"எல்லாம் புரிஞ்சுதான் சொல்றேன் தம்பி."

வெளியே வந்ததும் படியில் நின்று காரணம் கேட்டேன்.

"காத்து வாங்க வாங்கன்னு கூப்பிட்டா உங்க அண்ணன் வர்றாரா?" என்றார். "ஒரு எஞ்சின் கெட்டுப்போறதைப் பாத்துட்டு மட்டும் அவரால சும்மா இருக்க முடியாது."



அண்ணன் தொலைதூரப் பேருந்து ஓட்டியவர். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. தேறி, கைத்தடியோடு நடக்கவும் ஆரம்பித்தார். ஆனால் மருத்துவமனையைத் தவிர வேறெதற்கும் வாசல் தாண்டவில்லை. ஊரையே ஏற்றிக்கொண்டு போனவன் மூட்டை மாதிரி உட்கார்ந்து வருவதா என்று ஒருமுறை கேட்டார். அதற்கப்புறம் அவரைக் கூப்பிடவே எங்களுக்கு நா எழவில்லை.

மருத்துவர் சொல்லிப் பார்த்திருந்தார். நான் கெஞ்சிப் பார்த்திருந்தேன். பிள்ளைகள் அழுதுகூடப் பார்த்தார்கள். ஒரு ஃபில்டரை வைத்து அவரை அசைக்கலாம் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

வண்டி வீட்டுக்கு வந்தது. அண்ணன் ஜன்னலோடு சரி.

அண்ணி அவரை அழைக்கவில்லை. சாப்பாடு பரிமாறும்போது மட்டும், "கரி சேந்துடுமாமே, அப்படியா?" என்று பொதுவாகக் கேட்டு வைப்பார். அண்ணன் தட்டிலிருந்து தலையை நிமிர்த்த மாட்டார்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை நான் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் கைத்தடிச் சத்தம் கேட்டது. அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் வாசலில் நின்றார்.

"இப்படி ஊருக்குள்ளயே உருட்டிட்டிருந்தா எஞ்சின் என்னத்துக்குடா ஆகும்? சாவிய எடு."

உள்ளேயிருந்து எல்லோரும் கிடைத்த செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிவந்தார்கள். அண்ணி நிதானமாகக் கதவைப் பூட்டிவிட்டுக் கடைசியாக ஏறினார்.

அண்ணன் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். ஊர் எல்லை தாண்டும்வரை பேசவில்லை. பிறகு, "மூணுல போடு," என்றார். கொஞ்ச தூரம் போய், "இப்ப விடு," என்றார். அப்புறம் எந்த ஏற்றத்தில் என்ன கியர், எந்த லாரியை எப்போது முந்துவது என்று வாய் ஓயவில்லை. பின்னால் பிள்ளைகள் பாட ஆரம்பித்தார்கள். அவர் சத்தம் போடாதீங்க என்று சொல்லவில்லை.

வெயில் ஏறியபின் ஒரு மரநிழலில் நிறுத்தினேன். அண்ணி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எதிர்க்கடைக்குத் தண்ணீர் வாங்கப் போனார். என் மனைவியும் கால் மரத்துவிட்டது என்று இறங்கி நடந்தாள்.

அண்ணன் எஞ்சினை நிறுத்த வேண்டாம் என்று கைகாட்டினார். கண்ணை மூடி அதன் சத்தத்தைக் கேட்டார்.

"நல்ல வண்டி," என்றார்.

பிறகு, கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"கரி எரியறதுக்கு இவ்வளவு தூரம் வேணாம்டா. நான் வரணும்னும் இல்ல. நீ ஒருத்தனே ஓட்டிட்டு வந்தாப் போதும். எனக்கு அதுகூடவா தெரியாது?"

நான் திகைத்துப்போய் அவரைப் பார்த்தேன்.

அண்ணி தண்ணீர் பாட்டில்களோடு சாலையைக் கடந்து வந்துகொண்டிருந்தார். அண்ணன் கண்ணைத் திறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவகிட்ட இதைச் சொல்லிடாத. ரெண்டு வாரம் தாங்காதாம், வாராவாரம் ஓட்டணுமாம்னு சொல்லு."