கதவுக்கு அந்தப் பக்கம்

கூடத்தில் கணவன் மறுபடியும் ஆரம்பித்துவிட்டான்.

"சொல்றேன் மச்சான், கேளுங்க. ஆபரேஷன் தியேட்டர் கதவு சாத்தியிருக்கு. நான் வெளியே நிக்கறேன். கையில இவ செருப்பு. எதுக்குன்னு கேக்காதீங்க, எனக்கே தெரியல!"

அறைக்குள் படுத்திருந்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேற்றும் ஃபோனில் இதே கதை, அவளுடைய அண்ணனிடமே. வாயில் பூட்டுப் போட்ட மனுஷன் என்று பெயரெடுத்தவன், இப்போது ஊருக்கே கேட்கிற மாதிரி பேசுகிறான்.

பெற்றவள் அவள். ஆனால் சொல்ல அவளிடம் கதை இல்லை. அவசரம் என்று மயக்க மருந்து கொடுத்து, வயிற்றைக் கீறி எடுத்துவிட்டார்கள். கண் விழித்தபோது பக்கத்தில் ஒரு துணிப்பொட்டலம். "இது யாரு குழந்தை?" என்றுதான் கேட்டாள்.

அந்தக் கேள்வி இன்னும் முள்ளாகக் குத்துகிறது. முதல் அழுகையைக்கூடக் கேட்காதவள் என்ன தாய்? 'என் பொண்ணு' என்று சொல்ல இன்றுவரை நாக்கு எழவில்லை.

வீட்டுக்கு வந்த அன்றே கணவனிடம் சொல்லிவிட்டாள்: "அந்த நாளைப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்தை பேசக்கூடாது."

தலையாட்டினான். அவளிடம் பேசக்கூடாது என்றால், ஊரெல்லாம் தம்பட்டமா?

"அப்பத்தான் ஒரு சத்தம் மச்சான்! அழுகையா அது? சண்டைக்கு வர்ற மாதிரி! நர்ஸ் கொண்டுவந்து கையில குடுத்தாங்க. நானும் என்னென்னவோ கொஞ்சிப் பாத்தேன், நிறுத்தல. 'இரு, உங்கம்மா வந்துருவா'ன்னேன். அம்மான்னதும் கப்சிப்!"

குழந்தையைத் தட்டிக்கொடுத்த கை நின்றது. நேற்று இதைச் சொல்லவில்லையே!

தலைமாட்டில் ஏதோ அதிர்ந்தது. சார்ஜில் கிடந்த ஃபோன். கணவனுடையது. திரையில் 'மச்சான்'.

எடுத்தாள்.

"மாப்ள இல்லையாம்மா?" அண்ணன்தான். "நல்ல ஆளைப் பிடிச்சே போ! குழந்தை எப்படிப் பொறந்துச்சுன்னு எத்தனை தடவை கேட்டாலும் வாயே திறக்கல. 'அவளுக்குச் சொல்லாம வேற யாருக்கும் சொல்ல மாட்டேன் மச்சான்'ங்கறாரு!"

கூடத்தில் குரல் ஓயவில்லை. "கேக்குதா மச்சான்? கேக்குதா?"

குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள்.

வெறும் கையைக் காதில் வைத்தபடி, அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தான் கணவன்.

"கேக்குது," என்றாள். "செருப்புல இருந்து ஆரம்பிங்க. எம் பொண்ணும் கேக்கட்டும்."