புது எச்.எம். என்ன படிச்சாரு?

"வெறும் எம்.ஏ., பி.எட்.தானா சார்? வெள்ளைக்காரன் கட்டின ஸ்கூலாச்சே!" மகனை விடுதியில் சேர்க்க வந்த துர்கா, சுவரில் இருந்த தலைமையாசிரியர் பெயர்ப்பலகையைக் காட்டினாள். "மேல இருக்கறவங்க எல்லாம் லண்டன் படிப்பு."

முதிய வார்டன் திருஞானசம்பந்தம் சிரித்தார். "அவங்க காலத்துலயும் பசங்க பின்சுவர் ஏறிக் குதிச்சு வீட்டுக்கு ஓடிக்கினுதாம்மா இருந்தாங்க. வந்தவங்க எல்லாம் சுவரை உசத்தினாங்க. இவரு வந்ததும், வெள்ளிக்கிழமையானா அம்மாங்க சோறு கட்டிக்கினு வந்து பசங்களோட உக்காந்து சாப்பிடலாம்னுட்டாரு. அப்புறம் ஒருத்தன் ஓடலை."

"என் புள்ளையும் அழுவான் சார். சேக்கலாமா வேணாமான்னு அதான் யோசனை. இவருக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

"ஆறாவது படிக்கறப்ப அதே சுவரைத் தாண்டி ஓடினவரும்மா இவரு! பிள்ளையார்பாளையத்துல அவங்க அம்மா தறியில உக்காந்திருந்தாங்க. பின்னாடியே வார்டன் போய் நின்னாரு. 'அம்மாகூட ஒரு வாய் சாப்பிட்டுட்டு வந்துடறேன் சார்'னு அழுதாரு. வார்டன் உட்டுட்டாரு. சாப்பிட்டதும் தானா கிளம்பி வந்துட்டாரு."

துர்காவுக்குக் கண் கலங்கியது. "நல்ல மனுசன்! அந்த வார்டன் வீட்டை எப்படிக் கண்டுபுடிச்சாரு?"

"கண்டுபுடிக்கறதென்ன, என் வீடுதானேம்மா! பெத்த அப்பனா இருந்தாலும் இந்த ஹாஸ்டல்ல சார்னுதான் கூப்பிடணும். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்."

அந்நேரம் தலைமையாசிரியர் உள்ளே வந்தார். துர்கா தன்னையறியாமல் எழுந்துவிட்டாள். அவளுக்கும் முன்னால் எழுந்து, நெஞ்சை நிமிர்த்தி நின்றார் திருஞானசம்பந்தம்.

"குட்மார்னிங், சார்!"