வக்கீல் விட்டுக்கொடுத்த கோப்பை

"அடிச்சாரு பாருய்யா!"

முகம்மது கனி சோடாப் பெட்டியைக் கீழே போட்டுவிட்டுத் துள்ளிக் குதித்தார்.

புதுக்கோட்டைக்கு வெளியே, அன்னவாசல் ரோட்டோரச் செம்மண் பொட்டலில் துரைமார் கோல்ஃப் கிளப் தொடங்கிய நாளிலிருந்து அங்கே சோடா கொடுப்பவர் கனிதான். இத்தனை வருஷமாக வெள்ளிக்கோப்பையில் பேர் பொறித்துக்கொண்டவர்கள் எல்லாரும் வெள்ளைக்காரர்கள். இந்த 1942-ல்தான் முதல் தடவையாக ஒரு தமிழர் கடைசி ஆட்டம் வரை வந்திருக்கிறார். வக்கீல் ஆத்மநாதன்!

எதிர்த்து ஆடுபவர் போலீஸ் அதிகாரி ஹார்வி துரை. நாடெங்கும் கலவரமாக இருந்ததால் ஆட்டத்திலும் அவர் பின்னாலேயே கான்ஸ்டபிள்கள்.

வேலிக்கு வெளியே ஊரே திரண்டு நின்றது.

கடைசிக் குழி. இருவரும் சமம். துரையின் பந்து பள்ளத்தில் சிக்கி, வெளியே வருவதற்குள் நாலைந்து அடி வீணாகிவிட்டது. வக்கீல் அடித்த பந்தோ காற்றில் கொஞ்சம் விலகிக் காரைப் புதருக்குள் விழுந்தது.

"அதனால என்ன? வெளியே தட்டிவிட்டாப் போதும். கோப்பை நமக்குத்தான்!" என்று கத்தினார் கனி.

வக்கீல் குனிந்து புதருக்குள் நுழைந்தார். திரும்பி வந்தபோது அவர் முகம் ஒரு மாதிரி இருந்தது.

"பந்தைக் காணோம்."

"காணோமா?" துரை பெருந்தன்மையாகச் சிரித்தார். "என் ஆட்கள் தேடித் தருவாங்க."

கான்ஸ்டபிள்கள் புதரை நோக்கி நடந்தார்கள். வக்கீல் ஓடிப்போய் மட்டையைக் குறுக்கே நீட்டினார்.

"வேண்டாம்! நான் தோத்துட்டேன். கோப்பை உங்களுக்குத்தான்."



"ஐயா, பந்து விழுந்த எடத்தை நான் கண்ணால பாத்தேங்க!" என்று பதறினார் கனி.

"பேசாம இரு கனி. தொரையோட வெற்றியைக் கொண்டாடணும். போலீஸ்காரங்க எல்லாரும் உள்ளே வாங்க. அத்தனை பேருக்கும் சோடா என் செலவு!"

துரையின் தோளில் கைபோட்டு அவரைக் கிளப்புக்குள் அழைத்துப் போனார் வக்கீல்.

வேலிக்கு வெளியே கூச்சல் கிளம்பியது.

"பயந்தாங்கொள்ளி!"

"தொரைக்கு வால் பிடிச்சாத்தானே ஜட்ஜு வேலை கெடைக்கும்!"

மண்ணாங்கட்டி ஒன்று பறந்துவந்து வக்கீலின் முதுகில் பட்டுச் சிதறியது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கனிக்கு ரத்தம் கொதித்தது. கான்ஸ்டபிள்கள் கையில் சோடாவைத் திணித்துவிட்டு, பின்பக்கமாகப் பொட்டலுக்கு ஓடினார். அந்தப் பந்தைக் கொண்டுபோய் எல்லார் எதிரிலும் வக்கீல் முகத்துக்கு நேரே நீட்டிக் கேட்டுவிட வேண்டும்!

முள் கிழிக்கக் கிழிக்கப் புதருக்குள் புகுந்தார்.

பந்து இருந்தது. அதன் மேல் ஒரு கையும் இருந்தது.

முள்ளுக்கடியில் மூச்சை அடக்கிச் சுருண்டு கிடந்தான் ராசு. சுதந்திரப் போராட்டத்தில் தந்திக் கம்பியை அறுத்துவிட்டான் என்று போலீஸ் ஊர் ஊராகத் தேடிக்கொண்டிருக்கும் உள்ளூர்ப் பையன்.

"சத்தம் போட்டுறாதீங்க ராவுத்தரே... 'போலீசை எல்லாம் நான் உள்ளே கூட்டிட்டுப் போயிடுறேன், அப்புறம் ஓடிப் பொழைச்சுக்க'ன்னு வக்கீலய்யா சொன்னாரு. போயிட்டாங்களா?"