மாடுகள் ஒதுங்கிய ஓடுபாதை

எங்கள் எஸ்டேட்டின் பழைய புல் ஓடுபாதை பொது விமான நிலையமாகிவிட்டது. முதல் விமானத்தை வரவேற்க சபாக் டவுனிலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். எங்களுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அங்கே மேய்வது குமுதாவின் மாடுகள். மணியடித்தால் ஒதுங்கவும், பயணிகள் இறங்கிப் போனபின் திரும்பவும், வேலையாட்களைக் கண்காணிக்கும் மண்டோர் திருச்செல்வம் வேனை விமானம்போல ஓட்டிக்காட்டி அவற்றைப் பழக்கியிருந்தார்.

மணியடிக்காமலே மாடுகள் ஒதுங்கின. வானம் வெறுமையாக இருந்தது. ஓடுபாதைப் புல் நெடுகச் சாய்ந்தது. மாடுகளின் தலைகள் ஒன்றுபோல இடமிருந்து வலமாகத் திரும்பின.

திருச்செல்வம் போனில் விசாரித்தார். "பிளேன் இன்னும் கிளம்பவே இல்லையாம் லா."

"அப்ப மாடு ஏன் மேயப் போவலை?" என்றாள் குமுதா. "ஆளுங்க இறங்கிக்கிட்டு இருக்காங்கண்ணே."

எங்கள் பக்கமிருந்த மாடுகள் நடுவில் விலகி வழிவிட்டன.

முன்வரிசையில் மாலையோடு நின்ற நாங்களும் ஒதுங்கினோம்.