கசிந்த பற்றறி

ஒரு வருடத்துக்கு முன் தம்பி பிறேம் இரவல் வாங்கிப்போய் இன்று திருப்பிக் கொண்டுவந்த தன் மின்கிற்றாரை ஷரோன் தேவாலயப் பின்னறை மேசையில் கவிழ்த்து வைத்து, பற்றறி மூடியைத் திறக்கிறாள். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்த உப்புக்குக் கீழே பழுப்புப் பிசின் கசிந்து வயர்களைத் தின்றிருக்கிறது. சன்னல் வெயிலில் அது ஈரமாக மினுங்க, அவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறாள். “வாசிக்காத நேரம் உந்தப் பற்றறியைக் கழட்டி வைக்கச் சொன்னனான் எல்லோ?” “பொறுங்கோ அக்கா, உயிர் இருக்கோ எண்டு பாப்பம்” என்று பிறேம் பற்றறியை வெறுங்கையால் பிடுங்கி நாக்கருகே கொண்டுபோகிறான். அவள் அவன் கையைத் தட்டிவிடுகிறாள். “வாயிலை வையாதை. போய்க் கையைக் கழுவு.” கீழே விழுந்ததைப் பொலித்தீன் பையால் பொத்தி எடுக்கிறாள். அவனோ விரல்களைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு, “கலியாண வீட்டுக்கு இன்னொருக்கால் தாங்கோ” என்று அதே கையை நீட்டுகிறான். அவள் கிற்றாரை உறைக்குள் வைத்து, அந்தக் கைக்கு முன்னாலேயே சிப்பை இழுத்து மூடுகிறாள்.