தனி வண்டி

"யாரைக் கேட்டுப்பா வண்டிய நிறுத்தின?"

கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாப்பில் கார் நின்றதும் ஜோதியம்மாளுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

"இங்க இன்னொரு பார்ட்டி ஏறணும்மா. அவங்களும் ஏர்போர்ட்தான்" என்றான் டிரைவர் மாறன்.

"தனி வண்டி வேணும்னு சொல்லித்தானே நான் புக் பண்ணேன்?"

அதற்குள் பின் கதவு திறந்தது. ஒரு காலை உள்ளே வைத்தவள், மறு காலை வைக்க மறந்து அப்படியே நின்றுவிட்டாள்.

சம்பந்தி திரௌபதி!

ஜோதியம்மாளின் மகள் கவிநிலாவுக்கு சிங்கப்பூரில் குழந்தை பிறந்து எட்டு மாதம். அந்த எட்டு மாதமாக இரண்டு சம்பந்தியம்மாக்களுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இன்றுதான் மகளும் மாப்பிள்ளையும் குழந்தையோடு முதல் தடவையாக வருகிறார்கள்.

பேத்தியை முதலில் தன் கையில்தான் வாங்க வேண்டும். ஜோதியம்மாளுக்கு வேறு ஆசையே இல்லை. அதனால்தான் திருவண்ணாமலையில் கவுஸ் பாஷாவின் டிராவல்ஸுக்கு யாருக்கும் தெரியாமல் போய், போக வர ஒரு காரைச் சொல்லி வைத்தாள்.

"என் சம்பந்தி காதுக்கு மட்டும் போயிடக் கூடாது பாய்."

"என் வாயிலேர்ந்து வராதும்மா" என்றார் அவர்.

சொன்னபடி அவர் வாயைத் திறக்கவில்லைதான். அதே வாக்கைத் திரௌபதிக்கும் கொடுத்திருக்கிறார் என்பது இப்போதல்லவா தெரிகிறது!

ஜோதியம்மாள் போனை எடுத்தாள்.

"என்ன பாய் இது? ஒரே வண்டிய ரெண்டு பேருக்கு விடுறீங்க?"

"பௌர்ணமிம்மா. ஊர்ல இருக்கிற வண்டியெல்லாம் கிரிவலத்துக்கு வந்த பார்ட்டிங்க எடுத்துட்டாங்க. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க."

"உங்களுக்கு ஆசை ஜாஸ்தியாயிடுச்சு பாய். இனிமே உங்க வண்டியில கால் வைக்க மாட்டேன்!"

அவள் போனை வைத்ததும், திரௌபதி தன் போனில் அதே மனிதரை இன்னும் மோசமாகத் திட்டினாள்.

ஆனாலும் இரண்டு பேரில் யாரும் இறங்கவில்லை. இறங்கினால் பேத்தி அடுத்தவள் கைக்குப் போய்விடுமே! ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்தார்கள். நடுவில் இன்னொரு ஆள் தாராளமாக உட்காரலாம்.

செஞ்சி தாண்டியும் வண்டிக்குள் ஏசி சத்தம் மட்டும்தான். மாறனுக்கு மூச்சு முட்டியது.

"குழந்தை பேரு என்னம்மா?" என்று கேட்டுவைத்தான்.

"யாழினி" என்றாள் ஜோதியம்மாள்.

"பச்சையம்மா" என்றாள் திரௌபதி, அதே நொடியில்.

"ஓ, ரெட்டைக் குழந்தைங்களா?"

அவ்வளவுதான். பற்றிக்கொண்டது.

"பச்சையம்மா எங்க குலதெய்வம் பேரு. அப்பன் வீட்டுப் பேருதான் வைக்கணும்" என்றாள் திரௌபதி, ஜன்னல் கண்ணாடியைப் பார்த்து.

"பேர் வைக்க மட்டும் வந்துடுவாங்க. பிரசவத்துக்குத் துணைக்குப் போக மட்டும் ஆள் இல்ல. என் பொண்ணு தனியாக் கெடந்து அல்லாடுனா!"

திரௌபதி சட்டென்று திரும்பினாள்.

"போகணும்னுதாங்க பாஸ்போர்ட்டே எடுத்தேன். அம்மா வராங்க அத்தைன்னு உங்க பொண்ணுதான் சொன்னா. தலைப்பிரசவம், பெத்தவங்க உரிமை, நாம எதுக்குக் குறுக்க போகணும்னு நின்னுட்டேன்."

ஜோதியம்மாளும் ஜன்னலை விட்டு அவள் பக்கம் திரும்பினாள்.

"நீங்க பாஸ்போர்ட் எடுத்துட்டீங்கன்னு கேள்விப்பட்டுத்தான் சம்பந்தி நான் போகல. மாமியாரே போறாங்களாம், நாம எதுக்குன்னு... ரோஷம்."

ஆக, இரண்டு அம்மாக்கள் இருந்தும் அந்தப் பெண் யாருமில்லாமல் பெற்றெடுத்திருக்கிறாள். இரண்டு பேரும் சேர்ந்து செய்த காரியம் அது. ஜோதியம்மாளுக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

"பாவம் அவ" என்றாள்.

"பாவம்தான். நாமதான் அவள விட்டுட்டோம்." திரௌபதி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, நகர்ந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

திண்டிவனத்தில் இறங்கி டீ குடித்தார்கள். செங்கல்பட்டு வருவதற்குள் கவுஸ் பாஷாவைத் திட்டுவதில் இருவரும் ஒரே கட்சியாகிவிட்டார்கள்.

ஏர்போர்ட்டில் குழந்தையோடு வெளியே வந்த கவிநிலா, இரண்டு அம்மாக்களும் கைகோத்து நிற்பதைப் பார்த்துத் திகைத்துப்போனாள். யாரிடம் முதலில் கொடுப்பது? அவள் கை அங்கும் போகாமல் இங்கும் போகாமல் தவித்தது.

ஜோதியம்மாள்தான் சொன்னாள். "உங்க அத்தை கையில குடுடி."

முதலில் வாங்க வேண்டும் என்ற ஆசை இன்னும் போகவில்லை. ஆனால் திரௌபதி குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டதைப் பார்த்தபோது, சொன்னது நல்லதாகத்தான் பட்டது.

பின்னால் மாப்பிள்ளை தள்ளிக்கொண்டு வந்த டிராலியில் மலைபோலப் பெட்டிகள்.

"இத்தனை பேரும் இத்தனை பெட்டியும் ஒரு வண்டியில எப்படிப் போறது? இருங்க, அந்த பாயை நாலு வார்த்தை கேக்கறேன்" என்று ஜோதியம்மாள் போனை எடுத்தாள்.

அதற்குள் எதிரே ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. கண்ணாடியில் கவுஸ் பாஷாவின் டிராவல்ஸ் பெயர். இறங்கியவன் அவருடைய மகன் முபின். வண்டிக்குள் வேறு யாரும் இல்லை.

"ஊர்ல வண்டியே இல்லன்னு சொன்னாரே உங்கப்பா! நீ எப்ப கிளம்பின?"

முபின் தலையைச் சொறிந்தான்.

"காலையிலேர்ந்து உங்க பின்னாடியேதான்மா வரேன். 'ரெண்டு பேர்ல யாராவது கோச்சிக்கிட்டு நடுவழியில இறங்கிட்டா ஏத்திக்கோ. இல்லன்னா ஏர்போர்ட் வரைக்கும் அவங்க கண்ணுல படாத'ன்னு அப்பா சொல்லி அனுப்பினாரு."